மைதானத்துக்கு வாட்டம்

போன வாரம் காவ்யா போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது இருக்கிற இளம் இன்ஜினியர். அமெரிக்காவிலேயே, ஃப்ரீமான்ட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் கூச்சம், என்னிடம் மட்டும் துணிந்து பேசுவாள். பழைய வரைபடங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணும் வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

“ஆன்ட்டி, நைன்டீஸ் ஃபுட்பால் ஃபீல்ட் எல்லாத்துலயும் நடுவுல ஒரு ஹம்ப் இருக்கு. யாராச்சும் தப்பா டிரா பண்ணிட்டாங்களா?”

“தப்பு இல்லடி. அது வாட்டம்.”

“வாட்டம்னா வாட்?”

தண்ணீர் ஓடுவதற்காக விடுகிற சரிவு என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு ஏதோ மீட்டிங் வந்து போனை வைத்துவிட்டாள். எனக்கு எந்தக் காரியத்தையும் பாதியில் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் மீதியை இங்கே எழுதித் தீர்க்கிறேன். வெள்ளைக்காரர்கள் பேசியதையும் என் தமிழிலேயே தருகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. சிவில் படித்துவிட்டு ரோடு காண்டிராக்டர் ஒருவரிடம் வெயிலில் நின்று தரையின் மேடு பள்ளம் அளந்து லெவல் எடுத்துக்கொண்டிருந்தவளைச் சாமுவேலுக்குக் கட்டிவைத்து நியூ ஜெர்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு டிபென்டென்ட் விசா, அதாவது வேலை பார்க்கக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. அந்த அபார்ட்மென்ட்டில் சன்னலுக்கும் அடுப்புக்கும் இடையே நான் நடந்த நடையில் கார்ப்பெட்டே வெளுத்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்கு டெக்சாஸில் வேலை மாறி ரவுண்ட் ராக் வந்தோம். வந்த வேகத்தில் நான் ஊர் முழுக்க அப்ளை பண்ணினேன்.

விசா எடுத்துத் தருகிறேன் என்று சொன்னது ஒரே ஒரு சின்னக் கம்பெனிதான். விளையாட்டு மைதானங்களுக்கு அடித்தளமும் வடிகாலும் போடுகிற கம்பெனி. அதன் முதலாளி ஹாலிஸ். நெட்டையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கவும் மாட்டார். இன்டர்வியூவில் என் சர்டிபிகேட்டுகளைத் தொடவே இல்லை. “மழை பெய்தா தண்ணி எங்க போகும்?” என்று மட்டும் கேட்டார்.

“நாம வாட்டம் விட்ட பக்கம் போகும்” என்றேன். அவசரத்தில் அந்த ஒரு சொல் தமிழில் வந்துவிட்டது. மொட்டை மாடிக்கு வாட்டம் சரியாக விடாவிட்டால் கீழே குடியிருப்பவர்கள் கொத்தனாரை மூன்று தலைமுறைக்குத் திட்டுவார்கள் என்று விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கேட்ட விஷயம் அவருக்கு வேதவாக்காகப் பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் எல்லோருக்கும் அது ‘வாடம்’ ஆகிவிட்டது. “எஸ்தர், இன்னும் கொஞ்சம் வாடம் குடு” என்பார்கள்.

அமெரிக்கக் கால்பந்து பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெயர்தான் கால்பந்து, காலால் தொடுவது அபூர்வம். ஒருவன் நடுவில் நின்று பந்தை எறிவான். இன்னொருவன் ஓரக் கோட்டை நோக்கி ஓடி அதைப் பிடிப்பான். இந்த எறிதலும் பிடித்தலும் ஒரு சாண் தவறினாலும் காரியம் கெட்டது. அந்தக் காலத்து மைதானங்களில் தார்த்தளம் போட்டு, அதன்மேல் ரப்பர் மெத்தை, அதன்மேல் பிளாஸ்டிக் புல் கம்பளம் ஒட்டியிருப்பார்கள். கம்பளம் தண்ணீரைக் குடிக்காது. ஆகவே நடுவை உயர்த்தி, இரண்டு ஓரங்களுக்கும் வாட்டம் விடுவோம். காவ்யா ஹம்ப் என்கிறாளே, அது இதுதான். இப்போதெல்லாம் புல்லுக்கு அடியில் ஜல்லி நிரப்பித் தண்ணீரை நேராகக் கீழே இறக்கிவிடுகிறார்கள், மேடு வேண்டியதில்லை.

மைதானத்தை ஒப்படைக்கும் நாளில் ஹாலிஸ் ஒரு சடங்கு செய்வார். கருவி எல்லாம் அளந்து முடித்த பிறகு, தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஓரக் கோட்டில் குப்புறப் படுப்பார். கன்னம் கம்பளத்தில் பட, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எதிர் ஓரத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். நடு மேட்டுக்கு அப்பால் நிற்பவனின் பாதமும் கெண்டைக்காலும் மறையும். முழங்கால் தெரிந்தால் வாட்டம் சரி. பாதமே தெரிந்தால் தண்ணீர் நிற்கும். முழங்கால் மறைந்தால் மேடு அதிகம். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, “முழங்கால் தெரியுது” என்பார். அதற்குப் பிறகுதான் ஒப்படைப்புத் தாளில் தன் இன்ஜினியர் முத்திரையைக் குத்துவார். நான் எதிர் ஓரத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், சேலையிலோ பாவாடையிலோ போனால் அன்றைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஒரு மைதானம்.

ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரின் பள்ளி ஸ்டேடியம். டெக்சாஸில் பள்ளிக்கூடக் கால்பந்து என்றால் நம் ஊர்த் தேர்த் திருவிழா, கடையை அடைத்துவிட்டு வருவார்கள். நாங்கள் போட்டுக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த அணியின் கோச் மெர்சர் ஆபீஸுக்கு போன் பண்ணினார். ஓரத்துக்கு எறிகிற பந்தெல்லாம் பிடிப்பவனின் தலைக்கு மேலே போகிறது, மைதானத்தில் ஏதோ கோளாறு, வந்து பாருங்கள் என்றார்.

அணி அந்த வருஷம் உள்ளூரில் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்கிற கோச்சுக்கு டெக்சாஸில் சோறு தண்ணி கிடையாது. பள்ளி போர்டு கூடி அவர் வேலையை நீட்டிப்பதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறது என்று பேப்பரிலேயே வந்துவிட்டது. இந்த நேரத்தில் மனிதர் மைதானத்தைக் குறை சொன்னால் யார் நம்புவார்கள்? ஹாலிஸ் போனை வைத்துவிட்டு எங்களிடம் விஷயத்தைச் சொன்னதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்க ஊர்ல ஒரு பழமொழி இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. வாயே திறக்காத ஹாலிஸ்கூட மேஜையைத் தட்டிச் சிரித்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன எதுவும் அந்த அளவு எடுபட்டதில்லை. உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து சாமுவேலிடமும் பெருமையடித்தேன்.

பத்து நாள் கழித்து மெர்சரே நேரில் வந்துவிட்டார். ஐம்பதைத் தொட்டவர், வெயிலில் கறுத்த கழுத்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பையனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹாலிஸ் பழைய அளவுகளை எடுத்துக் காட்டினார். எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறது, நானே படுத்துப் பார்த்தேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நம்ம எஸ்தர் ஊர்ல ஒண்ணு சொல்வாங்க கோச்” என்று தொடங்கி, என் பழமொழியை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

நான் காபிக் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தேன். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. மெர்சருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏற்கெனவே கேட்டுட்டேன் சார். போர்டு தலைவர் போன வாரம் காபிக் கடையில சொன்னார். நீங்க சொல்லித்தான் கேட்டாராம். ஊரே சொல்லுது, என் பொண்ணைக்கூட ஸ்கூல்ல இதைச் சொல்லிக் கேலி பண்ணியிருக்காங்க” என்றார். பிறகு எழுந்துகொண்டே சொன்னார்: “எனக்கு ஒண்ணுதான் புரியல. அடுத்த ஊர் மைதானத்துல எல்லாம் எங்க பசங்க ஜெயிக்கிறாங்க. அடுத்த வீட்டுக் கூடத்துல நல்லா ஆடுறவ, சொந்த வீட்டுக் கூடத்துல மட்டும் எப்படி மறந்துபோவா?”

அவர் போய்விட்டார். எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் இன்ஜினியர். கேள்விக்கு அளந்து பதில் சொல்ல வேண்டியவள் பழமொழி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் பாட்டாக ஊரெல்லாம் பாடப்படுகிறது. ஹாலிஸிடம் போய், இன்னொரு தடவை லெவல் எடுத்துப் பார்க்கலாமே என்றேன்.

“என் முத்திரை இருக்கு, எஸ்தர். அது போதும்.”

“மண்ணு கருப்பு மண்ணு சார். தண்ணி பட்டா உப்பும்.”

“தார்த்தளத்துக்குக் கீழ தண்ணி எப்படிப் போகும்?” என்று திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலையில் ஆபீஸ் லெவல் கருவியை வண்டியில் ஏற்றினேன். கேட்டு எடுக்கவில்லை. அளவுகோல் பிடிக்க ஆள் வேண்டுமே, சாமுவேலையும் கிளப்பினேன். அவர் ஃப்ரீவே முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார்.

“கிரீன் கார்டு பேப்பர் எல்லாம் அந்த ஆளு கையில இருக்கு. நீ அவர் முத்திரையத் தப்புன்னு சொல்லக் கிளம்பிட்ட.”

“தப்புன்னு யார் சொன்னா? அளக்கப்போறேன்னுதான் சொல்றேன்.”

“அளந்து சரியா இருந்தா?”

“இருந்தா நிம்மதியா வந்து தோசை சுடுறேன். பேசாம ஓட்டுங்க.”

உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அந்த விசா போனால் மறுபடி சன்னலும் அடுப்பும்தான். கருவியின் முக்காலியை நட்டு, அதன் குமிழியை நடுவில் கொண்டுவந்தேன். பார்வையாளர் படிக்கட்டின் தூணில், மைதானம் போட்டபோது நாங்கள் வைத்த பழைய அளவுக் குறி ஒன்று இருந்தது. ஆழமாக இறக்கிய தூண், அசையாது. அதிலிருந்து தொடங்கி ஓரம், நடு, எதிர் ஓரம் என்று கோடு கோடாகப் படித்தேன். நடுக்கோட்டில் ஓர் அடி மேடு இருக்க வேண்டும். ஒன்றே முக்கால் அடி காட்டியது. கருவியை எடுத்து வேறு இடத்தில் நட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதேதான்.

ஹாலிஸ் செய்வதைப் போல ஓரத்தில் குப்புறப் படுத்தேன். எதிர் ஓரத்தில் சாமுவேல் அளவுகோலோடு நின்றார். பாதம் இல்லை, முழங்கால் இல்லை. தொடைக்கு மேலேதான் மனிதர் ஆரம்பித்தார்.

“என்னத்தடி பாக்குற அங்க படுத்துக்கிட்டு?” என்று கத்தினார்.

“உங்க காலைத் தேடுறேன்!”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நடுவில் நின்று எறிகிற பையன் எவ்வளவு மேலே நிற்கிறான் பாருங்கள். பள்ளிக்குப் பின்னால் சமமான புல்தரையில் நெஞ்சுக்குக் குறிவைத்துப் பழகியவன், இங்கே அதே எறியை எறிந்தால் அது தலைக்கு மேலேதான் போகும். வெளியூர் அணிகள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவிலேயே முட்டி ஓடுகிறவர்கள், அவர்களுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். கோச் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

காரணமும் கண்டுபிடித்தோம். கம்பளத்தைக் கழுவுவதற்காக நடுக்கோட்டின் அடியில் நெடுக ஒரு தண்ணீர்க் குழாய் ஓடியது. குழாயின் திறப்புகளை எல்லாம் மூடிவிட்டுப் பார்த்தால் பள்ளியின் மீட்டர் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கோ கசிகிறது. எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு அக்கா தங்கை முறை இந்த டெக்சாஸ் மண். குடிக்கக் குடிக்க உப்பி, தார்த்தளத்தை முதுகில் தூக்கிவிட்டது. போர்டு கூடுவது திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஹாலிஸ் வீட்டுக்கு போன் பண்ணினேன். கருவியை எடுத்ததையும் அளந்ததையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். “மைதானத்துக்கு வா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சர்ச்சுக்குப் போட்ட கோட்டு சூட்டோடே வந்திருந்தார். நான் நீட்டிய அளவுகளை வாங்கிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சாமுவேல் எதிர் ஓரத்துக்கு ஓடினார். ஹாலிஸ் கோட்டைக் கழற்றாமல் அப்படியே குப்புறப் படுத்தார். வழக்கத்தைவிட வெகுநேரம் படுத்திருந்தார். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை, தொப்பியைப் பிசைந்துகொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

“முழங்கால் எங்க?” என்றார் கடைசியில். என்னிடம் கேட்கவில்லை. தரையிடம் கேட்டார்.

எழுந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைய பகலை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். சாமுவேல், “உக்காருடி, எனக்குத் தலை சுத்துது” என்று கெஞ்சினார்.

திங்கட்கிழமை மாலை, கூட்டம் தொடங்கியதும் ஹாலிஸ் எழுந்து, எல்லோரும் மைதானத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். வந்தார்கள். ஓரக் கோட்டில் நிற்க வைத்து, “படுங்க” என்றார். போர்டு தலைவர் சிரித்தார். ஹாலிஸ் சிரிக்கவில்லை. “இந்த மைதானத்துக்கு முத்திரை குத்தினது நான். தப்பு என்கிட்ட இருக்கு. நான் சொல்றத நம்ப வேண்டாம், நீங்களே படுத்துப் பாருங்க.”

டை கட்டிய பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் குப்புறப் படுத்தார்கள். வெள்ளைப் பாவாடை கட்டிய ஓர் அம்மாள் முதலில் மறுத்துவிட்டு, அப்புறம் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவரும் படுத்தார். எதிர் ஓரத்தில் கோச் மெர்சர் நின்றுகொண்டிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, பாதி மனிதராக. அந்த அம்மாள்தான் முதலில், “ஐயோ, பாவம், அந்த மனுஷன் இடுப்பளவு தண்ணியில நிக்கிற மாதிரி இருக்கே!” என்றார்.

அன்றைக்கு மெர்சருக்கு ஒரு வருஷம் நீட்டிப்புக் கிடைத்தது. ஒரே ஒரு வருஷம். மைதானத்தைச் சரிசெய்த பிறகு சாக்குச் சொல்லக் கூடாது என்று தலைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கோடை விடுமுறையில் கம்பளத்தை உரித்து, தார்த்தளத்தை உடைத்து, குழாயைப் பிடுங்கி, மண்ணைத் தோண்டி எடுத்து வேறு மண் நிரப்பினோம். ஹாலிஸ் தினமும் வந்து நின்றார். மறுபடி வாட்டம் விடும்போது, “எவ்வளவு வைக்கலாம்?” என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஓர் அடிகூட வேண்டாம் சார், குறைத்தே வைப்போம் என்றேன். வைத்தோம். என் கிரீன் கார்டு பேப்பரும் அவர் கையெழுத்தோடு அதன் போக்கில் போனது.

சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்குச் சாமுவேலும் நானும் போனோம். உட்கார்ந்து பார்க்க முடியாமல் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒருவேளை இந்தப் பையன்களுக்கு எறியவே தெரியாவிட்டால்? கூடத்தை நேராக்கிக் கொடுத்தும் ஆடாமல் போனால், அந்த மனிதரை இந்த முறை நாங்களே பிடித்துத் தள்ளியதாக ஆகாதா? முதல் எறி ஓரத்துக்குத்தான் போனது. பிடித்தவன் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர் சோளப்பொரியைக் கொட்டிவிட்டார்.

ஆனால் ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள். எறிந்ததில் எந்தக் குறையும் இல்லை, கையில் வந்த பந்தைத்தான் இரண்டு தடவை கீழே போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு கோச்சைத் தேடிப் போனேன். அவர் ஓரக் கோட்டில் தனியாக நின்று கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“கவலைப்படாதீங்க மேடம். இன்னைக்குக் கூடம் நேராத்தான் இருந்துச்சு. நாங்கதான் சரியா ஆடல. அடுத்த வாரம் ஆடுவோம்.”

பழமொழிக்காக அவரிடம் வருத்தம் சொன்னேன். பரவாயில்லை என்று கையசைத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவரைப் போல நிமிர்ந்தார்.

“ரொம்ப நாளா உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். உங்க ஊர்ல அந்தப் பொம்பள கூடம் கோணல்னு சொன்னாளே, அப்ப யாராச்சும் போய் அளந்து பாத்தாங்களா?”

எத்தனை நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் அம்மா சொன்னாள், என் வாத்தியார் சொன்னார், சிவில் படித்த நானும் சொன்னேன்.

“இல்ல கோச். யாரும் அளக்கல.”

“பாவம் அவ” என்றார் மெர்சர்.